சிவப்பு மசியில் நான்கு வரிகள்

சோளிங்கர் என்று சொன்னதும் வெளியூர்க்காரர்களுக்கு மலை மேல் இருக்கிற யோக நரசிம்மர்தான் ஞாபகத்துக்கு வருவார். அப்புறம் அந்த ஆயிரத்து முன்னூறு சொச்சம் படிகளும், படியில் பையைப் பிடுங்குகிற குரங்குகளும். கொஞ்சம் சரித்திரம் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். 1781 செப்டம்பர் 27-ம் தேதி இங்கேதான் ஹைதர் அலியின் படையும் ஜெனரல் அயர் கூட்டின் கம்பெனிப் படையும் மோதின. கம்பெனி ஜெயித்தது. அந்தச் சண்டையில் கம்பெனி பக்கம் நின்ற மதராஸ் சிப்பாய்ப் பட்டாளங்களின் போர்க் கௌரவங்களில் 'சோளிங்கர்' என்று எங்கள் ஊர்ப் பெயர் ஏறியது. பட்டாளத்தின் பெருமைப் பட்டியலில் எங்கள் ஊருக்கு ஒரு வரி இருக்கிறது. பெரும்பாலான ஊர்க்காரர்களுக்கு இது தெரியாது என்பது வேறு விஷயம் :-)

நான் எழுத வந்தது இன்னொரு வகைப் பதிவேட்டைப் பற்றி. ஒரு தனி ஆள், ஒரு சிறு புத்தகம், அதில் ஒரு வரி. அந்த வரியை மாற்றச் சொல்லிக் கேட்க முடியுமா? யாரிடம் கேட்பது? எப்படிக் கேட்பது? சட்டம் படிக்கிறவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வந்தது. ஆறு மாதமாக இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். (பரீட்சைக்கு இப்படிப் படித்திருந்தால் என்று அம்மா ஆரம்பிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.)

பழைய வட ஆற்காடு பக்கம் பிறந்தவர்களுக்கு மிலிட்டரி ஒரு குடும்பத் தொழில் மாதிரி. வேலூர் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியதால் அதற்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் வந்துவிட்டது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தெருவிலும் ஒருவராவது கறுப்பு பெயின்ட் அடித்த டிரங்குப் பெட்டியோடு ரயிலேறி, பதினைந்து இருபது வருஷம் கழித்து அதே பெட்டியோடு திரும்பி வந்திருப்பார். பென்ஷன், கேன்டீன் கார்டு, ஏதாவது ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை. ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் ஷாப்புகளின் கேட்டில் சல்யூட் அடித்து நிற்பவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய.

எங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். பெயரும் அவர் இருந்த யூனிட்டும் இங்கே வேண்டாம். 1989-ல் சேர்ந்தவர், 2002-ல் வந்துவிட்டார். பதின்மூன்று வருஷம். ஜவானுக்குப் பென்ஷன் கிடைக்க பதினைந்து வருஷம் வேண்டும். ஏன் இரண்டு வருஷம் முன்னாடியே வந்தீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. 'போதும்னு அனுப்பிட்டாங்க' என்பார். தெருவும் அதை நம்பிவிட்டது. அத்தைகூட நம்பியிருந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

விஷயம் வெளியே வந்தது அவர் பெண்ணின் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கின்போது. விண்ணப்பத்தில் 'முன்னாள் படைவீரர் வாரிசா?' என்று ஒரு கேள்வி உண்டு, அதற்கென்று தனி ஒதுக்கீடும் உண்டு. பெண் 'ஆமாம்' என்று போட்டுவிட்டு, அப்பாவைச் சான்றிதழ் வாங்கி வரச் சொன்னாள். அவர் ஓர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்தவர் டிஸ்சார்ஜ் புத்தகத்தை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அன்று ராத்திரி மாமா அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "தம்பி, நீ லா படிக்கிறியே... இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு சரியா படிச்சு சொல்லு. எனக்குத் தெரியும். இருந்தாலும் நீ சொல்லு."

கையடக்கமான புத்தகம். ஓரமெல்லாம் எண்ணெய் படிந்திருந்தது. விலகியதற்கான காரணம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஒரே வரி: 'சர்வீசஸ் நோ லாங்கர் ரிக்வயர்ட்'. பக்கத்தில் ஓர் எண், ராணுவ விதி 13(3) மூன்று (ஐந்து). நடத்தை என்ற இடத்தில் 'எக்ஸம்ப்ளரி' இல்லை. 'வெரி குட்'டும் இல்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் அந்த வரியில் திட்டு எதுவும் இல்லை. 'இனி சேவை தேவையில்லை', அவ்வளவுதான். ஆள் குறைப்பு மாதிரி இருக்கிறது. அதைத்தான் மாமா வீட்டில் 'போதும்னு அனுப்பிட்டாங்க' என்று மொழிபெயர்த்திருக்கிறார். பொய் என்று சொல்லிவிட முடியாது!

ஆனால் தெரிந்தவர்களுக்கு அந்த எண் போதும். 1954-ம் வருஷத்து ராணுவ விதிகளில் 13-வது விதிக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு ஜவானை எந்தெந்தக் காரணத்துக்காக வீட்டுக்கு அனுப்பலாம், யார் அனுப்பலாம் என்ற பட்டியல் அது. சேரும்போது ஒப்புக்கொண்ட காலம் முடிந்துவிட்டது, ஒன்று. உடம்பு சரியில்லை என்று மருத்துவ போர்டு சொல்லிவிட்டது, ஒன்று. நானாகவே போகிறேன் என்று எழுதிக் கொடுத்தது, ஒன்று. கடைசியில் 'மற்ற எல்லா வகை டிஸ்சார்ஜும்' என்று ஒரு மூட்டை. மாமாவின் எண் அந்த மூட்டை. அதற்குள் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் அதில் பெரும்பாலும் போய்ச் சேர்வது 'ரெட் இங்க் என்ட்ரி' வாங்கியவர்கள்தான்.

சின்னக் குற்றங்களுக்குக் கமாண்டிங் ஆபீசரே தண்டனை கொடுக்கலாம். அதில் கொஞ்சம் கடுமையான தண்டனைகளை நடத்தைத் தாளில் சிவப்பு மசியில் எழுதுவார்கள். நாலு சிவப்பு வரி சேர்ந்துவிட்டால் 'இவர் வேண்டாதவர், லாயக்கில்லாதவர்' என்று டிஸ்சார்ஜுக்கு எழுதலாம் என்று ஒரு வழக்கம். இது கோர்ட் மார்ஷல் இல்லை, டிஸ்மிஸும் இல்லை. ஆனால் மறுவேலைவாய்ப்புக்கான மத்திய அரசின் 1979-ம் வருஷத்து விதிகளில் 'முன்னாள் படைவீரர்' என்பதற்கு உள்ள விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். டிஸ்மிஸ் ஆனவர்களோடு, ஒழுங்கீனத்துக்காகவோ திறமைக் குறைவுக்காகவோ டிஸ்சார்ஜ் ஆனவர்களையும் அது சேர்த்துத் தள்ளிவிடுகிறது. பதின்மூன்று வருஷம் துப்பாக்கி தூக்கியவர் சட்டத்தின் கண்ணில் முன்னாள் படைவீரரே இல்லை.

மாமாவின் நாலு வரி என்னவென்று கேட்டேன். விரல் விட்டுச் சொன்னார். 1993-ல் அப்பா செத்துப்போனார், பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டுப் போனதில் ஆறு நாள் லேட். 1996-ல் அத்தைக்கு முதல் பிரசவம், பதினொரு நாள் லேட். 1999-ல் குடித்துவிட்டு ஒருவரோடு சண்டை. "அது என் தப்புதான், அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." 2001-ல் அம்மாவை வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு பத்தொன்பது நாள் லேட். லீவை நீட்டிக்கச் சொல்லித் தந்தி கொடுத்ததாகச் சொல்கிறார். ரசீது இல்லை.

அஸ்ஸாமிலிருந்து இங்கே வந்து சேரவே நாலு நாள் ஆகும் காலம் அது. சோளிங்கர் ஸ்டேஷன் என்று பெயர்தான், ஊருக்கும் அதற்கும் பத்து கிலோமீட்டருக்கு மேல். லேட்டாகப் போனது சரி என்று நான் சொல்லவில்லை. ராணுவத்தில் லீவு முடிந்து வராமல் இருப்பது குற்றம், 1950-ம் வருஷத்து ராணுவச் சட்டத்தின் 39-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆளுக்கு ஆள் பத்து நாள் லேட்டாக வந்தால் எல்லையில் யார் நிற்பது? அந்த நியாயத்தை மாமாவே மறுப்பதில்லை. குற்றத்துக்கு அப்போதே தண்டனை கொடுத்தார்கள், அவரும் அனுபவித்துவிட்டார். நாலு தண்டனையையும் கூட்டி அஞ்சாவதாக ஒன்று கொடுத்தார்களே, அதை எப்படிக் கொடுத்தார்கள் என்பதுதான் இப்போது கேள்வி.

இந்த இடத்தில் அமெரிக்காவைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வரலாம். அங்கே ஒளிவுமறைவு இல்லை. வெளியே வரும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் டிடி-214 என்று ஒரு படிவம், அதில் அவர் எப்படிப்பட்ட முறையில் வெளியே வந்தார் என்ற முத்திரை. 'ஆனரபிள்', அதற்குக் கீழே 'ஜெனரல்', 'அதர் தேன் ஆனரபிள்', 'பேட் காண்டக்ட்', கடைசியில் 'டிஸ்ஆனரபிள்'. கடைசி இரண்டும் கோர்ட் மார்ஷல் வழியாகத்தான் வரும். முத்திரை வெளிப்படையாக இருப்பதால் அதை மாற்றச் சொல்லிக் கேட்கும் வழியும் வெளிப்படையாக இருக்கிறது. 1944-ல் போர்வீரர்களுக்குப் படிப்பும் வீட்டுக்கடனும் கொடுத்த அதே சட்டம், டிஸ்சார்ஜை மறுபடி பரிசீலிக்கிற போர்டுகளையும் கொண்டுவந்தது. பதினைந்து வருஷத்துக்குள் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பலாம். அதைத் தாண்டிவிட்டால் பதிவேட்டைத் திருத்தும் வேறொரு போர்டு இருக்கிறது. வியட்நாமிலிருந்து மனம் சிதைந்து திரும்பி, அதனாலேயே ஏதோ தப்பு செய்து கெட்ட முத்திரை வாங்கியவர்களின் மனுக்களைத் தாராளமாகப் பாருங்கள் என்று 2014-ல் அவர்களுடைய ராணுவ அமைச்சர் உத்தரவு போட்டார். ஓரினச்சேர்க்கையாளர் என்பதற்காக மட்டுமே துரத்தப்பட்டவர்களும் இதே வழியில்தான் முத்திரையை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே எல்லாம் சுலபம் என்று அர்த்தமில்லை. வருஷக்கணக்கில் இழுக்கும், நிறைய மனுக்கள் தள்ளுபடியும் ஆகும். ஆனால் கேட்பதற்கு ஒரு கதவும் அதன் மேல் ஒரு பெயர்ப் பலகையும் இருக்கின்றன.

நம் ஊரில் கதவு இல்லாமல் இல்லை, பலகைதான் இல்லை.

பழைய கதைகளையும் தேடினேன். நம் நாட்டில் இப்படிப்பட்ட முத்திரைகள் பெரிய அளவில் மாறியிருக்கின்றன, ஆனால் மாற்றியது பெரும்பாலும் சட்டம் இல்லை, அரசியல். பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1806-ல் வேலூர்க் கோட்டையில் புதுத் தலைப்பாகை வந்தது. அதில் தோல் பட்டை வைத்திருந்தார்கள். (தோல் ஊரில் தோலால் வந்த கலகம் என்று என் நண்பன் ஒருவன் சொல்வான்.) நெற்றியில் குறி வைக்கக் கூடாது, தாடி கூடாது என்றும் உத்தரவு. மே மாதம் மறுத்துப் பேசிய சிப்பாய்களில் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்துப் படையிலிருந்து டிஸ்மிஸ் செய்தார்கள். ஜூலை 10-ம் தேதி கோட்டை வெடித்தது. அடக்கிய பிறகு, கலந்துகொண்ட மூன்று பட்டாளங்களையே கலைத்துவிட்டார்கள். கூடவே தலைப்பாகை உத்தரவையும் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள், கவர்னர் பென்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. ஆக, உத்தரவு தப்பு என்று கம்பெனியே ஒத்துக்கொண்ட மாதிரிதான். உத்தரவு தப்பு என்றால் அதை மறுத்தவனுக்குப் போட்ட டிஸ்மிஸ் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்கு 200 வருஷம் கழித்துத் தபால்துறைதான் பதில் சொன்னது. 2006-ல் வேலூருக்கு நினைவு அஞ்சல்தலை வந்தது. நம் பாடப்புத்தகங்களில் 'சிப்பாய்க் கலகம்' மெல்ல 'வேலூர்ப் புரட்சி' ஆனது.

இந்திய தேசிய ராணுவத்தின் கதை இதைவிடச் சுவாரசியம். ஜப்பானிடம் பிடிபட்டு நேதாஜியோடு சேர்ந்தவர்கள் திரும்பி வந்தபோது, வெள்ளைக்காரன் அவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறமாகப் பிரித்தான். கறுப்பு என்றால் டிஸ்மிஸ், பாக்கிச் சம்பளமும் பறிமுதல். செங்கோட்டை விசாரணையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூன்று பேருக்கும் ஆயுள் முழுக்க நாடு கடத்தல் என்று தீர்ப்பு வந்து, 1946 ஜனவரியில் தளபதி ஆக்கின்லெக் அதை ரத்து செய்தார். ஆனால் கவனியுங்கள், பதவி பறிப்பையும் சம்பளப் பறிமுதலையும் அவர் ரத்து செய்யவில்லை. உயிர் போனாலும் பரவாயில்லை, பதிவேடு அப்படியே இருக்கட்டும் என்பதற்கு நேர் எதிர்: உயிரை விட்டுவிடலாம், பதிவேட்டை விட முடியாது! அப்படிப் பதவி பறிக்கப்பட்ட ஷா நவாஸ் கான் பிறகு மத்திய அமைச்சராக இருந்தார். தில்லானுக்கு 1998-ல் பத்மபூஷண் கொடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நேரு அரசு இந்த வீரர்களைப் படையில் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. தியாகி பென்ஷன் 1972-ல்தான் வந்தது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் கப்பற்படையில் வேலைநிறுத்தம் செய்து வெளியேற்றப்பட்ட மாலுமிகளுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

இங்கிலாந்து வேறு மாதிரி செய்தது. முதல் உலகப்போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் என்று சொந்தப் படையாலேயே சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006-ல் சட்டம் போட்டு மன்னிப்பு கொடுத்தார்கள். அந்தச் சட்டத்திலேயே, இந்த மன்னிப்பு தீர்ப்பையோ தண்டனையையோ பாதிக்காது என்று ஒரு வரியும் இருக்கிறது. குற்றவாளிதான், ஆனால் மன்னித்துவிட்டோம் என்று அர்த்தம்.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. காரணம் இருந்தது. கவுன்சிலிங் நேரத்தில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவரிடம் அத்தை போயிருக்கிறார்கள். அவர் நல்ல கையெழுத்தில் ஒரு கருணை மனு எழுதிக் கொடுத்திருக்கிறார். 'அறியாமல் செய்த பிழைகளைப் பொறுத்து, ஏழைக் குடும்பத்தின் மீது இரக்கம் காட்டி' என்று இரண்டு பக்கம். மாமா கையெழுத்துப் போடவில்லை. "நான் இன்னா கொலையா பண்ணிட்டேன்? தண்டன குடுத்தாங்க, அனுபவிச்சேன். மன்னிப்பு வேணாம் தம்பி. கடைசில அனுப்புனாங்களே, அத முறப்படி பண்ணாங்களான்னு மட்டும் பாக்கச் சொல்லு." அத்தை உள்ளேயிருந்து, "முறையும் வேணாம் ஒண்ணும் வேணாம், பென்ஷன் வந்தா போதும்" என்றார்கள். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

மாமா கேட்ட கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்த நாள் நான் ஹாஸ்டலில் யாரையும் தூங்கவிடவில்லை.

நாலு சிவப்பு வரி வந்துவிட்டால் தானாகவே வீட்டுக்கு அனுப்பு என்று விதி எங்கேயும் சொல்லவில்லை. ராணுவத் தலைமையகமே 1988 டிசம்பர் 28-ம் தேதி ஒரு கடிதம் போட்டிருக்கிறது. டிஸ்சார்ஜுக்கு எழுதும் முன் ஒரு பூர்வாங்க விசாரணை நடத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் விளக்கம் கேட்கும் நோட்டீஸ். ஒவ்வொரு சிவப்பு வரியும் எதற்காக வந்தது என்று பார்க்க வேண்டும். பென்ஷனை நெருங்கிக்கொண்டிருப்பவரிடம் கடுமை காட்டக் கூடாது, நீண்ட சேவையையும் கஷ்டமான இடங்களில் இருந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். இதெல்லாம் அந்தக் கடிதத்தின் சாரம். வீரேந்திர குமார் துபே என்பவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2015 அக்டோபரில் இதைத்தான் பிடித்துக்கொண்டது. நாலு என்ட்ரி மட்டும் போதாது, விசாரணை கட்டாயம், அது நடக்காததால் டிஸ்சார்ஜ் செல்லாது என்றது. பென்ஷனுக்கு வேண்டிய காலம் முடியும்வரை அவர் வேலையில் இருந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. பழைய சம்பளம் கிடையாது. ஆனால் பதிவேட்டில் அவர் காலம் முடித்தவர். அதாவது, மன்னிப்பு கேட்காமலே முத்திரை மாறியது.

சந்தோஷத்தில் மாமாவுக்குப் போன் போட்டுவிட்டு அடுத்த பக்கம் புரட்டினால் 2019-ல் சத்குர் சிங் வழக்கு. அவருக்கு நாலுக்கு மேலேயே சிவப்பு வரிகள். விசாரணை என்றால் பெரிய நீதி விசாரணை மாதிரி இருக்க வேண்டியதில்லை, நோட்டீஸ் கொடுத்து, பதில் வாங்கி, யோசித்து முடிவெடுத்திருந்தால் போதும் என்று சொல்லி அவர் அப்பீலை சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. ஆக, எல்லாம் காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நோட்டீஸ் கொடுத்தார்களா? பதிலைப் படித்தார்களா? பெண்டாட்டி பிரசவத்துக்கு லேட்டானதையும் குடித்துச் சண்டை போட்டதையும் பிரித்துப் பார்த்தார்களா, இல்லை நாலு என்று எண்ணினார்களா?

அந்தக் காகிதம் வேண்டும் என்றுதான் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். இரண்டு மாதம் கழித்து ஒரு தடித்த கவர் வந்தது. நடத்தைத் தாளின் நகல் ஜெராக்ஸில் கறுப்பாகத்தான் இருந்தது, சிவப்பு என்று நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். நோட்டீஸ் இருந்தது. மாமாவின் பதில் இருந்தது: ஆங்கிலத்தில் இரண்டே வரி, மன்னிக்கவும், இனி நடக்காது. கையெழுத்து அவருடையது, எழுத்து வேறு யாருடையதோ. தந்தியைப் பற்றியோ அம்மாவின் ஆஸ்பத்திரியைப் பற்றியோ அதில் ஒரு வார்த்தை இல்லை. பூர்வாங்க விசாரணை என்று எந்தத் தாளும் கவரில் இல்லை. ராணுவச் சட்டம் 23-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? வெளியே அனுப்பப்படும் ஜவானுக்கு, யார் அனுப்பியது, ஏன் அனுப்பியது, எவ்வளவு காலம் வேலை செய்தார் என்பதை அவருடைய தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். தாய்மொழியில்! மாமாவிடம் இருப்பதில் காரணம் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் இத்தனை வருஷம் அத்தைக்குத் தெரியாமல் போயிருக்குமா என்று யோசித்தேன். மாமாவிடம் கேட்கவில்லை.

உடல்நலக் குறைவால் அனுப்பப்பட்டவர்களுக்கு வேறு வகைச் சிக்கல். அவர்களுக்கு முத்திரை நடத்தையில் இல்லை, நோயில். 'ராணுவ சேவையால் வந்ததும் அல்ல, சேவையால் அதிகமானதும் அல்ல' என்று மருத்துவ போர்டு ஒரு வரி எழுதிவிட்டால் ஊனமுற்றோர் பென்ஷன் போயிற்று. வலிப்பு நோயோடு அனுப்பப்பட்ட தரம்வீர் சிங் என்பவரின் வழக்கில், சேரும்போது இல்லாத நோய் நடுவில் வந்தால் சேவையால் வந்தது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது ராணுவத்தின் பொறுப்பு என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அது பழைய 1982-ம் வருஷத்து விதிகளின்படி வந்த தீர்ப்பு. 2023-ல் புது விதிகள் வந்துவிட்டன. இது தனியாகவே எழுத வேண்டிய சமாச்சாரம்.

இனி கதவு எங்கே என்பது. 2009 வரை ஹைகோர்ட்டில் ரிட் போடுவதுதான் வழி. 2007-ம் வருஷத்துச் சட்டப்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2009 ஆகஸ்டில் செயல்பட ஆரம்பித்தது, சென்னையில் அதற்கு ஒரு பெஞ்ச் இருக்கிறது. நேராக அங்கே போய்விட முடியாது. முதலில் ராணுவத்திடமே மனு கொடுக்க வேண்டும். அவர்கள் மறுத்தாலோ, ஆறு மாதம் பதிலே சொல்லாவிட்டாலோ தீர்ப்பாயம் போகலாம். அதற்கும் ஆறு மாதக் கெடு. இருபது வருஷம் தாமதம் என்றால் காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்க வேண்டும். (மாமாவுக்குப் பிடிக்காத வார்த்தை. இந்த ஒரு இடத்தில் தவிர்க்க முடியவில்லை.) பென்ஷன் மாதிரி மாதாமாதம் தொடரும் பாதிப்பாக இருந்தால் தாமதத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம், ஆனால் பாக்கியை மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு மட்டும் கொடுங்கள் என்று 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஆனால் டிஸ்சார்ஜ் உத்தரவு என்பது ஒரு நாளில் முடிந்துபோன விஷயம், அது தொடரும் பாதிப்பு ஆகாது என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதிடும். அங்கேயும் தோற்றால் ஹைகோர்ட் போகலாமா என்பதில் ஒரு குழப்பம் இருந்தது, போகலாம் என்று 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கிவிட்டது.

மனுவை நானும் என் சீனியர் ஒருவரும் சேர்ந்து எழுதினோம். ஆறு பக்கம். இரக்கம், ஏழை, கருணை என்று ஒரு வார்த்தை கிடையாது. 1999 சம்பவத்தை மறைக்க வேண்டாம், முதலிலேயே எழுதிவிடு என்று மாமா பிடிவாதமாகச் சொன்னார். சீனியருக்கு அதில் உடன்பாடில்லை. கடைசியில் மாமா சொன்னபடியே எழுதினோம். ஜெயிக்குமா என்று கேட்டால், பாதிக்குப் பாதி என்பேன். விசாரணைத் தாள் இல்லாதது நம் பக்கம், அந்த இரண்டு வரிப் பதில் அவர்கள் பக்கம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி நாலு மாதம் ஆகிறது, பதில் இல்லை. பெண் பொது ஒதுக்கீட்டிலேயே சீட் வாங்கி இரண்டாம் வருஷம் போய்விட்டாள். மாமா தோல் ஷாப் கேட்டில் நைட் டியூட்டிதான் பார்க்கிறார்.

இதை இப்போதே எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் சேவை ஆவணங்களை ராணுவம் 25 வருஷம்தான் வைத்திருக்கும். அதற்குப் பிறகு விதிப்படியே அழித்துவிடலாம். தீர்ப்பாயத்துக்கு வரும் எத்தனையோ வழக்குகளில் 'ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன' என்பதுதான் பதிலாக வந்திருக்கிறது. மாமா 2002-ல் வந்தவர், கூட்டிப் பாருங்கள். அந்தக் கவர் ஒரு வருஷம் இரண்டு வருஷம் தள்ளிப் போயிருந்தால் எங்களிடம் வாதாட ஒன்றுமே இருந்திருக்காது.

அதனால் உங்கள் வீட்டில், தெருவில், சொந்தத்தில் யாராவது பதினைந்து வருஷத்துக்கு முன்னால் திரும்பி வந்திருந்தால், அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். காரணம் என்ற வரியையும் பக்கத்திலுள்ள விதி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மனு, வக்கீல் எல்லாம் அப்புறம். 2025-லிருந்து படைவீரர் குடும்பங்களுக்கென்றே நால்சா ஒரு சட்ட உதவித் திட்டம் நடத்துகிறது, அதையும் விசாரிக்கலாம். முதலில் அவர் இருந்த பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு, அவர் பெயரிலேயே, அவர் கையெழுத்தில், தகவல் உரிமை மனு. கேட்க வேண்டியது நடத்தைத் தாள், விளக்கம் கேட்கும் நோட்டீஸ், அதற்குக் கொடுத்த பதில், பூர்வாங்க விசாரணைத் தாள்கள், டிஸ்சார்ஜ் உத்தரவு. ஆர்மி நம்பரை மறக்காமல் மேலே எழுதுங்கள். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும்.